அண்ணி பெயர் எழுதிய படகு

என் அண்ணனுடைய படகு இப்போது நீலகிரி மலையில் இருக்கிறது. ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் சுங்க வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கே இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. எங்கெங்கோ இருந்து எதெதுவோ கப்பலில் வந்து இறங்குவதைத் தினமும் பார்ப்பவர்கள்தான். இருந்தும் ஒரு மீன்பிடிப் படகு மலையேறிப் போனது என்றதும் சிரித்தார்கள். கைப்பேசியில் படத்தைக் காட்டிய பிறகுதான், "இது எப்டிக்கா அங்க போச்சு?" என்று கேட்டார்கள்.

அது ஃபைபர் படகு. அண்ணன் பல வருஷம் அடுத்தவர்களின் விசைப்படகில் ஆளாகப் போய்விட்டு, பிறகு சொந்தமாக வாங்கியது. காசிமேட்டில் பெரும்பாலான படகுகளுக்கு மாதா பேரோ, புனிதர்கள் பேரோ, அம்மன் பேரோ இருக்கும். அண்ணன் அண்ணியின் பேரை எழுதினார். முன்பக்கம் இரண்டு புறமும், நீலப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்தில். படகை மந்திரிக்க வந்த பாதிரியார் அதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாராம். "அதுவும் ஒரு புனிதையோட பேருதான் ஃபாதர்" என்று சொல்லி அண்ணன் தப்பித்தார். அண்ணிக்குக் கொஞ்ச நாள் துறைமுகத்துப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது. படகு கரைக்கு வரும்போது ஏலக்காரர் அவள் பெயரைக் கூவி, "வந்துட்டா, இன்னிக்கு நெறைய கொண்டாந்துகீறா" என்று கிண்டல் செய்வார்.

சில வருஷங்களுக்கு முன் ஐஸ் பெட்டி இறக்கும்போது அண்ணன் இரண்டு படகுகளுக்கு நடுவே விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், கடல் மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். அண்ணன் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார். வேலை முடிந்து வந்ததும் நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்து கொள்வார். "வூட்ல நாற்காலி கீது. அதுல குந்தமாட்டாரு" என்பாள் அண்ணி.

கரையில் கிடந்த பழைய படகுகளையெல்லாம் எடுக்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். அங்கே ஏதோ கட்டப் போகிறார்கள். மரப் படகு என்றால் விறகுக்காவது ஆகும். ஃபைபரை எரிக்கவும் முடியாது, யாரும் வாங்கவும் மாட்டார்கள். அறுத்துத் துண்டு போட்டு எங்காவது கொட்டுவார்கள். பக்கத்தில் கிடந்த படகுகள் அப்படித்தான் போயின. அண்ணன் இரண்டு தடவை அறுக்க ஆள் பேசினார். இரண்டு தடவையும் ஆள் வந்து நின்ற பிறகு வேண்டாமென்று அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நானும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன், அண்ணி, நான் மூவரும் படகின் பக்கத்தில் நின்று கொண்டிருந்தபோது, வலை பின்னுகிற ஒருவர் அவளைக் கூட்டிக் கொண்டு வந்து விட்டார்.

"அண்ணா, இந்தப் படகு உங்களதுங்களா?"

"ஆமா. இன்னா விசயம்?"

"எங்களுக்குக் குடுப்பீங்களா?"

"இது தண்ணில எறங்காதும்மா. அடில வெடிச்சிகீது. ஒட்டுனாலும் ரொம்ப நாளு தாங்காது."

"தண்ணியில எறக்கறதுக்கு இல்லீங்க. மலைக்குக் கொண்டு போறதுக்கு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்பவள் போலத் தெரியவில்லை.

அவள் ஒரு சிற்பி. கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பத்துப் பெண். அங்கே மலை ஊரில் ஓர் ஓவியக்கூடம் இருக்கிறது. அதற்கு இந்த வருஷம் வெள்ளி விழா. எப்போதும் போலச் சுவரில் படங்களை மாட்டி விளக்கேற்றாமல், விழாவை ஊருக்குள்ளேயே நடத்தப் போகிறார்கள். சந்தைக்கு இறங்கும் படிக்கட்டு, பேருந்து நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி என்று ஆளுக்கோர் இடம் எடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

"எங்க ஊர்ல பாதிப் பேர் அந்தக் கூடத்துக்குள்ள கால் வெச்சதே இல்லீங்க. கூச்சப்படறாங்க. நம்மளுக்கு இல்லைன்னு நெனச்சுக்கறாங்க. அதனால நாங்க வெளிய வந்துடலாம்னு முடிவு பண்ணோம். எனக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு மேல ஒரு மேடு குடுத்திருக்காங்க. அங்க ஒரு படகு நிக்கணும்னு எனக்கு ஆசை."

"படக நிக்க வெச்சி இன்னா பண்ணுவே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணும் பண்ணமாட்டேங்கண்ணா. படகு படகாவே இருக்கும். சனங்க பாப்பாங்க."

அண்ணன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பாதிரியாரைக் கேட்டார், பழைய கூட்டாளிகளைக் கேட்டார். அறுத்துக் கொட்டுவதைவிட எங்கேயாவது நிற்கட்டும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஃபோன் போட்டு வரச்சொல்லு பாப்பா" என்றார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் அவருக்கு நான் பாப்பாதான்.

அனுப்புவதற்கு முன் அண்ணன் படகைக் கழுவினார். அடியிலிருந்த வெடிப்பை ஒட்டினார். பேரை மறுபடி எழுத வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்தார். வெளிறிப்போன எழுத்து அப்படியே இருந்தால் நன்றாயிருக்கும் என்றாள் அவள். "பொண்ண அனுப்பசொல்லோ கியிஞ்ச பொடவையிலயா அனுப்புவாங்க?" என்று அண்ணன் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, சரி எழுதுங்கள் என்றாள். லாரி வந்த அன்றைக்கு அண்ணி முன்பக்கத்தில் ஒரு முழம் மல்லிகைப் பூ சுற்றினாள். கிரேன் படகைத் தூக்கும்போது அண்ணன் வேறு பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக் கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் நான் அலுவலகத்தில் இருந்தேன். படகோடு போன அந்தப் பெண் அழைத்தாள். 

"அக்கா, மேட்டுப்பாளையத்துல நிக்கறேன். லாரிக்காரர் மேல ஏறமாட்டேங்கறார்."

படகு லாரியைவிட நீளம். பின்னால் நீட்டிக் கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவில் அது பாறையில் இடிக்கும், எதிரே பஸ் வந்தால் ஒதுங்க வழியில்லை. வேறு லாரிகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். சோதனைச் சாவடியிலும் விடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாக அறுத்தால்தான் மேலே போகும்.

"நீங்க சொல்லாம நான் அறுக்கமாட்டேன்க்கா. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் போனேன். யார்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமிக் கொண்டு நின்றன. சத்தத்தில் நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அறுக்க வேண்டும் என்ற வார்த்தையை இரண்டு முறை சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அடுத்த லாரிக்குக் கேட்டைத் திறந்து விட்டுவிட்டு வந்தார்.

"இப்ப எங்க கீது?"

"மேட்டுப்பாளையத்துல, ஒரு மர டிப்போவுல எறக்கி வெச்சிருக்காங்களாம்."

"டிக்கெட் போடு."

அண்ணியிடம் சொன்னதும் அவளும் பையை எடுத்தாள். "நானும் வரேன். அதுல என் பேருல்ல கீது."

இரவு ரயிலில் கிளம்பிக் காலையில் இறங்கினோம். மலை எதிரே நின்றது. "இத்துக்கு மேலயா போணும்?" என்று அண்ணி கேட்டாள். டிப்போவில் மரத் தடிகளுக்கு நடுவே எங்கள் படகு இருந்தது. மல்லிகைப் பூ வாடிக் கறுத்திருந்தது. அந்தப் பெண் அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இரவு முழுவதும் தூங்கவில்லை என்று முகம் சொல்லிற்று. அண்ணன் நேராக லாரி டிரைவரிடம் போனார்.

டிரைவர் முதலில் விறைப்பாகத்தான் பேசினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். வளைவு எப்படி இருக்கும், எங்கே திரும்ப வேண்டும், பின்பக்கம் எவ்வளவு வீசும் என்று டிரைவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். இருவரும் குனிந்து கொண்டு நெடுநேரம் பேசினார்கள். அண்ணன் திரும்பி வந்து, "அவர் சொல்றது சர்தான். நானா இருந்தாலும் ஏத்தமாட்டேன்" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "சாக்பீஸ் கீதா?" என்று கேட்டார்.

நடுவில் அறுத்தால் இரண்டு பாதியும் சமமாக இருக்கும் என்று அவள் சொன்னாள். அண்ணன் படகின் பக்கத்தில் நடந்து பார்த்தார். நடுவில் கோடு போட்டால் அண்ணி பேரின் கடைசி எழுத்து அறுபடும். அவர் அந்த எழுத்தைத் தாண்டி, ஒரு சாண் தள்ளிக் கோடு இழுத்தார்.

"பேரு மேல கத்தி வெக்க வேணாம்" என்றார்.

டிப்போவிலிருந்த ஒருவர் கிரைண்டரால் அறுத்தார். வெள்ளைத் தூள் பறந்தது. சத்தம் காதைத் துளைத்தது. அண்ணி தூரத்தில் ஒரு மரத் தடியின் மேல் உட்கார்ந்து செபமாலையை உருட்டிக் கொண்டிருந்தாள். அண்ணன் மட்டும் நகரவில்லை. அறுக்கும்போது படகு ஆடாமலிருக்க இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக் கொண்டே நின்றார். அறுத்து முடித்ததும் குனிந்து உள்பக்கத்தைப் பார்த்தார். அடுக்கடுக்காக, அவர் அந்தந்த வருஷம் ஒட்டிய ஒட்டுகள் தெரிந்தன. "இது கல்லுல மோதுனது. இது அந்தப் பொயல்ல கட்டிப்போட்டும் அடிச்சிகினுது, அப்ப" என்று எனக்குக் காட்டினார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என்னால்தான் அதிக நேரம் அங்கே நிற்க முடியவில்லை.

அண்ணன் லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறிக் கொண்டார். நாங்கள் மூன்று பெண்களும் பஸ்ஸில் போனோம். ஒவ்வொரு வளைவிலும் அண்ணி என் கையைப் பிடித்தாள். பாதி வழியில் வாந்தி எடுத்தாள். அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அண்ணியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக் கொண்டாள்.

ஓவியக்கூடம் ஒரு பழைய கல் வீடு. அதை நடத்துகிற அம்மா பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு மாடியில் அறை கொடுத்தார், கம்பளி கொடுத்தார், சுடச்சுட இஞ்சி டீ கொடுத்தார். ஊர் முழுக்க வேலை நடந்து கொண்டிருந்தது. சந்தைப் படிக்கட்டில் கல்லூரிப் பிள்ளைகள் பச்சை வண்ணம் பூசிக் கொண்டிருந்தார்கள். கேரட் மூட்டை தூக்குகிறவர்கள் அவர்களைத் திட்டிக் கொண்டே தாண்டிப் போனார்கள். எங்கள் மேடு பஸ் ஸ்டாண்டுக்கு நேர் மேலே இருந்தது. பக்கத்தில் ஒரு டீக்கடை. மறுநாள் காலையில் இரண்டு பாதிகளையும் ஆட்கள் தூக்கி வந்து மேட்டில் நிறுத்தினார்கள்.

பிரச்சினை அங்கேதான் வந்தது.

அண்ணன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. ஃபைபர் அறுத்தால் அறுத்ததோடு முடிந்துவிடாது. கண்ணாடி நாரால் செய்த துணியை வைத்து, ரெசின் என்கிற பிசினைத் தடவினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அறுக்கச் சம்மதித்தபோதே, மேலே போனதும் ஒட்டிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்தப் பெண் மனதில் வேறு எண்ணம் வந்திருந்தது. அவள் எங்களை இரண்டு பாதிகளுக்கும் நடுவில் கூட்டிப் போய் நிறுத்தினாள். இருபுறமும் படகின் வயிறு, எதிரே இடைவெளி. அந்த இடைவெளியில் தேயிலைச் சரிவும், கீழே பள்ளத்தாக்கும், அதில் ஏறி வரும் மூடுபனியும் தெரிந்தன.

"இப்படியே விட்டுடலாமாங்கண்ணா? ஜனங்க இதுக்குள்ள நடந்து போகலாம். வெட்டின எடத்தைத் தொட்டுப் பாக்கலாம். உங்க ஒட்டெல்லாம் தெரியும். நான் நெனச்சதை விட இது நல்லாயிருக்கு."

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணனும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஷோக்காதாம்மா கீது. ஆனா இது படகு இல்ல."

"அது வந்துங்கண்ணா..."

அண்ணி குறுக்கே பேசினாள். சத்தம் போடவில்லை. "நீ எங்க ஊரு கரையில நின்னுகினு இன்னா சொன்னே? படகு படகாவே இருக்கும்னு சொன்னியா இல்லியா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்து கொண்டாள். "சொன்னேங்க."

கூடத்து அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். "நான் எதுவும் சொல்லப் போறதில்ல. இது உன் வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார். அந்தப் பெண்ணும் மேட்டை விட்டு இறங்கிப் போனாள். எனக்கு இரண்டு பக்கத்துக்காகவும் வருத்தமாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தோம். அண்ணி, "நா ரொம்ப பேசிட்டனா?" என்று கேட்டாள். அண்ணன் டீயை ஊதிக் குடித்தார்.

அவள் ஓர் ஆட்டோவில் திரும்பி வந்தாள். பின்சீட்டில் ரெசின் கேனும், நார்த்துணிச் சுருளும் இருந்தன.

"ஒட்டிடலாங்கண்ணா. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். ஒட்டின கோடு தெரியணும். மேல பெயின்ட் அடிச்சு மறைக்கக் கூடாது."

அண்ணன் படகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சர்தான்" என்றார்.

இருவரும் அன்று மதியமே வேலையைத் தொடங்கினார்கள். அண்ணன் இத்தனை வருஷப் பழக்கத்தில் கண்ணளவாகக் கலந்து பூசினார். காசிமேட்டு வெயிலில் அது ஒரு டீ குடித்து வருவதற்குள் கல்லாகிவிடும். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் விரல் ஒட்டியது. பனியில் ரெசின் இறுகவே இல்லை. விழாவுக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "கை மறந்துபோச்சா எனக்கு?" என்றார்.

"கை மறக்கலைங்கண்ணா. இது குளிருக்கு அப்படித்தான் பண்ணும். காலேஜ்ல படிக்கும்போது நானும் இதுல ஒரு சிலைய நாசம் பண்ணியிருக்கேன்."

பிசுபிசுப்பாக இருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். அவள் இறுகவைக்கும் திரவத்தைக் கூடுதலாகச் சேர்த்துக் கலந்தாள். அண்ணன் துணியைப் போட்டு உருளையால் அழுத்தினார். டீக்கடைக்காரர் தன் கடைத் தார்ப்பாயை அவிழ்த்துக் கொடுத்தார். கோழிக் குஞ்சு வளர்க்கிற ஒருவரிடம் இருந்து பெரிய பல்புகளை வாங்கி வந்து உள்ளே தொங்கவிட்டார்கள். தார்ப்பாய்க்குள் கதகதப்பாகிவிட்டது. அண்ணி ஒரு ஸ்டூலை எடுத்துக் கொண்டு போய் உள்ளே உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல் முறையாகக் கம்பளியை எடுத்தாள். "இப்பதான் மெட்ராஸ் மாரி கீது" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த இறுக்கம் அங்கே தளர்ந்தது. ரெசின் நாற்றம் தலையை வலிக்கச் செய்கிறது என்று சொல்லிக்கொண்டே, இருட்டும் வரை அங்கேயே பேசிக் கொண்டிருந்தார்கள்.

விழா அன்றைக்கு விடிந்ததும் அண்ணன் ஒட்டைப் பார்க்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். மூடுபனியில் எதிரே இருப்பது தெரியவில்லை. டீக்கடை வரை போயிருப்போம். கடைக்காரர் கையை நீட்டி எங்களைத் தடுத்தார்.

"அசையாம நில்லுங்க. காட்டெருமை."

படகின் பக்கத்தில் கறுப்பாக ஒன்று நின்றது. படகு உயரம் இருந்தது. தார்ப்பாயை ஒரு பக்கம் இழுத்துத் தள்ளியிருந்தது. கதகதப்புக்கு வந்ததோ என்னவோ. கழுத்தைச் சாய்த்துப் படகின்மேல் தேய்த்தது. நிதானமாக, திரும்பத் திரும்பத் தேய்த்தது. படகு முட்டுக்கட்டைகளின் மேல் அசைந்து முனகியது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே போனது. கடைசியில் அந்த மிருகம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது. அது போன பிறகும் கடைக்காரர் சொல்லும்வரை நாங்கள் நகரவில்லை.

அண்ணன் போய் ஒட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். ஒரு விரிசல் இல்லை.

"புட்ச்சிகிச்சு" என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக் கொண்டார். டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்தோம். நடந்ததைக் கேட்ட அண்ணி, "இத்தினி வருசம் கடலுக்குப் போன ஆளு, மாட்டப் பாத்து பயந்துட்டியா?" என்றாள். "நீ வந்து பாக்கணும் அத்த" என்றார் அண்ணன்.

பத்து மணிக்குள் மூடுபனி விலகிவிட்டது. ஊரே திரண்டு வந்திருந்தது. சந்தைக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், தோட்டத்துப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். கூடத்து அம்மா சுருக்கமாகப் பேசினார். அந்தப் பெண் பேசினாள். படகு யாருடையது என்று சொல்லி, மைக்கை அண்ணனிடம் நீட்டிவிட்டாள். அவர் எதிர்பார்க்கவில்லை. நான் கூட்டத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை வீடு, ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று எங்கே போனாலும் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருந்திருக்கிறார்கள்.

"அல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தார். "நான் காசிமேட்ல கீறேன்."

பின்னால் நின்ற சில பையன்கள் சிரித்தார்கள். அண்ணனுக்குக் கேட்டது. நிறுத்தி அந்தப் பக்கம் பார்த்தார்.

"எங்க பேச்சு அப்டித்தான். சிரிச்சிக்கோங்க, பரவால்ல" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இத்த ஓட்டுனது நானு. என் தோஸ்து ஒருத்தன் கூட வருவான், ரெண்டு பேருதான். பெரிய படகுல்லாம் போற எடத்துக்கு இது போவாது. ஆனா போன அன்னிக்கெல்லாம் எங்கள திரும்ப கொண்டாந்து வுட்ருக்கு. மயை வந்தாலும், மிசின் நின்னாலும், எப்டியாவது கொண்டாந்துடும். அதான் அறுத்துக் கொட்ட மனசு வரல. இங்க நீங்க எடம் குட்த்தீங்க. சந்தோசம்." கொஞ்சம் யோசித்தார். "புள்ளைங்க ஏறணும்னா ஏறலாம். செருப்ப கய்ட்டிட்டு ஏறணும்."

அந்தப் பெண் படகைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே போய் முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். மேட்டின் கீழே செருப்புக் குவியல். யாரோ துடுப்பு கேட்டார்கள், இல்லாததால் டீக்கடைத் துடைப்பத்தை வைத்து வலித்தார்கள்.

கூட்டத்தில் அந்தப் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார். தோட்ட வேலைக்குப் போகிறவர். ஒல்லியாக, ஸ்வெட்டர் போட்டு, தலையில் துணி கட்டியிருந்தார். எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு அண்ணியிடம், "இது உங்க பேருங்களா?" என்று கேட்டார். அண்ணி ஆமாம் என்றாள். இவ்வளவு பெரிதாகத் தன் பேரை அந்நிய ஊரில் பார்ப்பது அண்ணிக்கு மறுபடி வெட்கமாகிவிட்டது.

"அவரு கடலுக்குப் போனா எப்ப வருவாருன்னு சொல்லிட்டுப் போவாரா?"

"சொல்லுவாரு. ஆனா அப்டி வரமாட்டாரு. படகு தெரிஞ்சாதான் வந்தாருன்னு அர்த்தம்."

"நாங்களும் அப்படித்தானுங்க. காட்டுக்குள்ள புள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து நடந்து வரணும். அந்த வளைவுல தலை தெரியற வரைக்கும் வாசல்லயே நிப்பேன்."

இருவரும் படகின் நிழலில் உட்கார்ந்து, மதியச் சாப்பாடு வரும்வரை பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "பொதுவா" என்றாள் அண்ணி.

நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். படகை ஒரு வருஷம் வைப்பதாகத்தான் பேச்சு. வருஷம் முடிந்ததும் கூடத்துக்காரர்கள் எடுக்கப் போனபோது டீக்கடைக்காரரும் மினிபஸ் ஓட்டுகிறவர்களும் கூடாதென்று சொல்லிவிட்டார்களாம். அந்த இடத்துக்கு அதற்குமுன் பேரில்லை. இப்போது மினிபஸ் கண்டக்டர்கள் அண்ணியின் பேரைச் சொல்லித்தான் இறங்கச் சொல்கிறார்கள். அந்தப் பெண் அதை ஒலிப்பதிவு செய்து எனக்கு அனுப்பினாள். நான் அண்ணிக்குப் போட்டுக் காட்டினேன். அவள் மூன்று முறை கேட்டாள். பிறகு, "இன்னாமோ ஏலம் வுடற மாரி கூவறான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மலையிலிருந்து வந்த புதிதில் அண்ணன் துறைமுகத்துப் பக்கம் போகவில்லை. படகு கிடந்த இடத்தில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அவருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக் கொண்டோம். ஒருநாள் யார்டு வேலை முடிந்து நேரமாகியும் வீட்டுக்கு வரவில்லை. அண்ணி பயந்து எனக்கு ஃபோன் செய்தாள். நான் தேடிக் கொண்டு போனேன். படகு பழுது பார்க்கிற இடத்தில், ஒரு ஃபைபர் படகின் அடியில் படுத்துக் கொண்டு அண்ணன் நார்த்துணியை அழுத்திக் கொண்டிருந்தார். யாரோ கூப்பிட்டார்களாம், போனாராம்.

இப்போது வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு, படகு ஒட்டும் வேலைக்கே போகிறார். நிற்கவும் படுக்கவும் செய்கிற வேலை, இடுப்புக்கு அவ்வளவு நல்லதில்லை என்றார் டாக்டர். அண்ணன் ஓர் உருளைச் சக்கரம் வைத்த பலகை செய்து கொண்டார். அதில் படுத்தபடியே படகுக்கு அடியில் நகர்ந்து போகிறார். நாற்றம் பிடித்த சட்டையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அண்ணி வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோதும் அவர் வாசலில்தான் நின்றிருந்தார், தலையெல்லாம் வெள்ளைத் தூளாக. உள்ளே மீன் குழம்பு கொதித்துக் கொண்டிருந்தது.